வெட்கத்தில் ஓடிய ஹெரால்டு

நொச்சிப்புதூர் சென்னியப்பனின் ஹெரால்டு கார் முதன்முதலாக வெட்கத்தில் ஓடியது ஒரு மாப்பிள்ளை அழைப்பின்போது, பிள்ளையார் கோயில் முக்கில். நாதஸ்வரமும் ஜமாப்பு மேளமும் நின்றுபோய், கோட்டுப் போட்ட மாப்பிள்ளை பின்சீட்டில் ரோஜா மாலையோடு வியர்த்து வழிய, அவனுடைய அப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்த, மெக்கானிக் ஆறுச்சாமி திறந்த பானெட்டுக்குள் இடுப்புவரை போயிருந்த நேரம் அது.

மேல்மூடியை மடக்கித் திறக்கிற, வெண்ணெய் நிறக் கார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை என்றால் அதில்தான் வரவேண்டும். அதில் வராதவனை, பேரன் பேத்தி எடுத்த பிறகும், நடந்து வந்த மாப்பிள்ளை என்றே சொல்வார்கள். ஆறுச்சாமி பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார், கண்டென்சரை மாற்றினார், பிளக் ஒயரைப் பிடுங்கி இரும்பின் பக்கத்தில் காட்டினார், பொறி வரவில்லை.

"டெல்கோ போயிருச்சுங்க," என்றார். நாலு சிலிண்டருக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு அவர் வாயில் டெல்கோ என்று பெயர்.

அப்போதுதான் மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி எதிரே இருந்த ஃபிளக்ஸ் பேனரைப் பார்த்தான். அவன் படம், அவன் பெயர், பெயருக்குப் பக்கத்தில் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பி.இ., கீழே கைகூப்பிச் சிரிக்கும் மாமனார். பாதிப் பேப்பரை அரியர் வைத்துவிட்டுக் கல்லூரியிலிருந்து வந்தவன் அவன். காது மடல் சிவந்து, கழுத்து கோட்டுக்குள் இறங்கி, முகம் மாலைக்குள் ஒளிந்தது. சென்னியப்பன் சலித்துப்போய்ச் சாவியைத் திருப்ப, என்ஜின் பட்டென்று பிடித்துக்கொண்டது. காது சிவந்தது முதலில், என்ஜின் பிடித்தது பிறகு என்பதைப் பார்த்தவள் ஒருத்திதான். சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு பெண்கள் வரிசையின் கடைசியில் நின்றிருந்த நர்மதா, சென்னியப்பனின் தம்பி மகள், கோயமுத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அந்த மாதம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தாள். எதையும் முதலில் பார்ப்பதும் எதையும் வெளியே சொல்லாமல் இருப்பதும் அவள் வழக்கம்.

மண்டப வாசலில் கார் தானாக நின்றது. மாப்பிள்ளை இறங்கி, வரவேற்க வந்த மாமனாரிடம், "மாமா, நான் பி.இ. முடிக்கலீங்க, பாதி அரியருங்க," என்று, குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னான். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மாமனார் விட்டுவிட்டார். அப்புறம் பேச மறந்தும் போனார்.

மறுநாள் ஷெட்டில் ஆறுச்சாமி பிளக் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது, நேற்றுப் புதுசு என்று சொல்லி மாட்டிய கண்டென்சர் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பழசு என்பது நினைவுக்கு வந்து, மனசு கொஞ்சம் கூசியது. ஒயர் முனையிலிருந்து நீலப் பொறி துள்ளி இரும்பில் பாய்ந்தது. அவர் இன்னொரு தடவை அதையே நினைத்துப் பார்த்தார். இன்னொரு பொறி. மூன்றாவது தடவை நினைத்தபோது கூச்சம் தீர்ந்துபோயிருந்தது, பொறியும் இல்லை.

"ஏனுங்க, வெக்கப்பட்டா கரண்டு வருதுங்க," என்றார் சென்னியப்பனிடம்.

சென்னியப்பன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். "ஓடுதில்ல? அப்பறமென்ன. அரிசி ஒத்துக்காதவன் சோளம் திங்கறான். அதுக்குப் புடிச்சதக் குடுத்துட்டுப் போவோம்."

அவ்வளவுதான் அதைப் பற்றிய ஆராய்ச்சி. அடுத்த முகூர்த்தத்துக்குக் கார் கேட்டு வந்தவர்களிடம், பெட்ரோல் எங்களுது, வெக்கத்துக்கு ஆளு உங்களுதா எங்களுதா என்று கேட்பது வழக்கமாயிற்று. அவர்களும், சித்தப்பன் ஒருத்தர் இருக்கறாருங்க, அவர உக்கார வெச்சுக்கலாம் என்று, பந்திக்கு இலை எத்தனை என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். கல்யாணப் பெண்ணின் வெட்கத்தை வைத்தே ஓட்டிவிடலாம் என்று சிக்கனமான ஒருவர் முயன்று பார்த்தார். என்ஜின் இருமியது, அவ்வளவே. மாப்பிள்ளையைப் பார்த்துக் கன்னம் சிவக்கிற வெட்கம் அதற்கு ஆகாது, எதையாவது செய்துவிட்டுத் தலை குனிகிற வெட்கம்தான் வேண்டும் என்பது இப்படி ஊருக்குத் தெரிந்தது. காருக்குள் யாருடையது புதிதோ அது முதலில் எரியும் என்பதும், பக்கத்துக் காட்டுத் தேங்காயைப் பொறுக்கிய வெட்கம் குளத்துமேடு தாண்டாது என்பதும், பெற்றவளைக் கைநீட்டி அடித்த வெட்கம் தாராபுரம் போய்த் திரும்பும் என்பதும் தெரிந்தது. எரிந்த வெட்கம் திரும்ப முளைக்காது என்பது கடைசியாகத் தெரிந்தது. பெற்றவளை அடித்தவன் இறங்கியதும் ஓட்டலில் உட்கார்ந்து ரெண்டாவது தோசை கேட்டுச் சாப்பிட்டான் என்ற செய்தி பரவியபோது, கல்யாணம் இல்லாத நாட்களிலும் சென்னியப்பன் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். சும்மா ஒரு சுத்துங்க, காங்கயம் ரோடு வரைக்கும்.

சென்னியப்பனின் சொந்த வெட்கம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டதால் ஓட்டுவதற்கு அவர் வசதியான ஆளாக இருந்தார்.

அந்தக் கல்யாண சீசன் முழுக்க முன்சீட்டில் அதிகம் உட்கார்ந்தவள் கனகமணி. அவள் கதை ஊருக்கே தெரியும், ஏனென்றால் அதை ஊர்தான் எழுதியது. மணவறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, ஐயர் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, போய்விட்டான். எதற்கு என்று அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாததையெல்லாம் ஊர் சொல்லியது. அதற்குப் பிறகு அவள் வாசல் வழியாக வெளியே வந்ததில்லை. வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பொடக்காளி வழியாகக் கிணற்றுக்குப் போவாள், பொடக்காளி வழியாக வருவாள், பால்காரன் கூப்பிட்டால் கதவிடுக்கில் சொம்பை மட்டும் நீட்டுவாள். ஒரு நாள் அவசரத்துக்கு ஆள் கிடைக்காமல் சென்னியப்பன் அவளைக் கூட்டிவந்து முன்சீட்டில் வைத்தார். கார் நின்றபாடில்லை. பிறகு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவள்தான். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று எரிந்துகொண்டே வந்ததில், மொத்தமாக எவ்வளவு தூரம் ஓடியது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை. ஒரு மாசிமாதப் பகலில், மேட்டுக்கடை அருகில், கார் மெல்ல நின்றது. கனகமணி கதவைத் திறந்து இறங்கி, "தீந்து போச்சாட்ட இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு வீட்டு முன்னறையில் தையல் மிசின் போட்டாள், வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள், தலையில் கனகாம்பரம் வைத்தாள். அவள் சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. நர்மதா ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனால், "அம்மிணி, அளவு எடுக்கறப்ப மூச்ச வுடு, இல்லீனா கல்யாணத்தன்னிக்கு வெடிச்சுப் போயிரும்," என்று அவள் சொல்லிச் சிரிப்பதைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் நேரம் நிற்பாள்.

ஊர் அப்படியே எடை குறைந்துகொண்டு வந்தது. முதலில் அது நன்றாகத்தான் இருந்தது. ஆட்கள் நன்றாகத் தூங்கினார்கள். பிறகு பால் சொசைட்டிக்காரர் எல்லாரும் பார்க்கக் குழாயைத் திறந்து கேனில் தண்ணீர் பிடித்தார், வரிசையில் நின்றவர்கள் கேன் நிரம்பும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். வேலியைத் தள்ளி நட்டவன், குழி தோண்ட வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரனிடமே கடப்பாரை வாங்கிப்போனான். சீர் என்னென்ன வேண்டும் என்பதை மண்டபத்து மைக்கில் படித்தார்கள். கந்தசாமி என்பவன், தன் அம்மாவை மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டு வைத்துவிட்டு, ஒரம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்தபோது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்: காத்தோட்டமா இருக்குது பாருங்க. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எவரும் தலை குனியாத ஊர் ஆகிவிட்டதால், கீழே பார்க்காமல் நடந்து, எல்லார் கால் கட்டைவிரலிலும் கல் தடுக்கிய காயம் இருந்தது.

பிறகு ஒரு முகூர்த்த நாளில், ஊரில் எரிப்பதற்கு ஒரு துளி வெட்கம்கூட இல்லை என்பது தெரியவந்தது. ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கந்தசாமியின் தம்பி. கந்தசாமியும் பின்சீட்டில் இருந்தான். "அட, நீயாச்சும் உக்காந்து பாரு அம்மிணி," என்று பெரியப்பா சொன்னதால் நர்மதா ஏறினாள். அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எதிரே கொட்டகை வாசலில் அந்த அம்மா, பேரன்மாரில் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு, சின்ன மகனைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்ட, பின்சீட்டிலிருந்து கந்தசாமியும் சந்தோஷமாகக் கையை ஆட்டினான். நர்மதாவின் காதுக்குள் கொதித்தது. யாராவது பந்தியில் பாயசத்துக்குச் சண்டை போட்டால், தான் இலையைவிட்டு எழுந்துகொள்ளலாமா என்று தோன்றுகிறவள் அவள். தலை தொங்கியது, ஹெரால்டு புலி மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவளுடையது தீரவே இல்லை, ஏனென்றால் அது அவளுடையது இல்லை. மற்றவர்கள் படாத வெட்கத்தை அவள் பட்டாள். அவர்கள் செய்யச் செய்ய அது ஊறியது. ஊருக்கு நிம்மதி. நம்ம புள்ள இருக்கறவரைக்கும் என்ன கொறச்சல் என்றார்கள். மேட்டில் வண்டி திணறினால், "டேய், ஆராச்சும் எதையாச்சும் செய்ங்கடா," என்று சென்னியப்பன் கத்துவார். உடனே ஒருவன் போகிறபோக்கில் பூக்காரியின் கூடையிலிருந்து ஒரு முழம் உருவுவான், கார் மேடேறிவிடும். அவளுக்கு நன்றியாகப் பலகாரத் தட்டு தனியாக வந்தது. அந்த ஐப்பசிக்குள் அவள் கழுத்து நிரந்தரமாக வளைந்துவிட்டது. ஆட்களை முகத்தால் இல்லாமல் செருப்பால் அடையாளம் கண்டாள்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலைக்கு அவள் தேர்வாகியிருந்தாள். தை பிறந்ததும் சேர வேண்டும். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "நீ போயிட்டா வண்டி?" என்று மட்டும் கேட்டார்கள், பார்த்தவர்கள் எல்லாரும், பார்த்த இடத்தில் எல்லாம். அம்மா ஈஸ்வரி இட்லி எடுத்து வைத்துக்கொண்டே, "படிச்சிருக்கறயல்ல சாமி. பெரியப்பன் காருக்கு ஒரு வழிய பண்ணிப்போட்டுப் போ," என்றாள். போக ஆசைப்படுவதே திருட்டுப்போல நர்மதாவுக்குக் கூசியது. அந்தக் கூச்சத்தையும் கார் மறுநாள் எரித்தது.

அவள் போனில் தேடிக் கண்டுபிடித்தது எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர். வெளிநாட்டில் இந்த மாதிரிப் பழைய கார்களுக்கென்றே செய்கிறார்கள். வெளியே பார்க்கப் பழசு மாதிரியே இருக்கும். உள்ளே பாயிண்ட் இல்லை, கண்டென்சர் இல்லை, தேய்வதற்கு ஒன்றும் இல்லை. ஷெட்டில் பெரியப்பாவும் ஆறுச்சாமியும் ஆளுக்கொரு டயர்மேல் உட்கார, அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டே அவள் விளக்கினாள்.

"ரெண்டு தினுசு இருக்குதுங்க பெரீப்பா. ஒண்ணுல, எந்த வேகத்துக்கு எப்பப் பொறி வரோணும்கற கணக்க அவங்களே போட்டு வெச்சிருப்பாங்க. ஸ்குரு டிரைவர்ல திருப்பி, நமக்குத் தோதானத வெச்சுக்கலாம். இன்னொண்ணு, நாமளே போன்ல கோடு வரைஞ்சுக்கறது."

"போன்ல கார் ஓட்டறதா?" ஆறுச்சாமி டயரிலிருந்து எழுந்துவிட்டார். "சார்ஜு தீந்துபோனா மாப்ளய உப்புமூட்ட தூக்கறதா அம்மிணி?"

"ஒருதடவ வரைஞ்சுட்டாப் போதும்ங்க மாமா. அப்பறம் போன் வேண்டீதில்ல. இந்த என்ஜின் வயசானதுங்க, நம்மூரு பெட்ரோலு, நம்மூரு வெயிலு. அவங்க போட்டு வெச்ச கணக்கு இதுக்கு ஒத்து வராது. நாமளே வரையறதுதான் நல்லது."

"வெக்கம் எங்க ஊத்தறது?" என்று கேட்டார் பெரியப்பா.

"வேண்டாம்ங்க. பேட்டரியே போதும். பிஸ்டன் உச்சிக்கு வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பொறி வந்தறோணும். எவ்வளவு முன்னாடிங்கறதத்தான் அது பாத்துக்குது."

"முன்னாடியேவா." பெரியப்பா யோசனையில் தாடையைச் சொறிந்தார். "வெக்கம் எப்பவும் பொறகாலதான வருது."

போனில் கோடு வரைகிறதையே வாங்குவது என்று முடிவானது. அதற்கு மேல் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது? டெல்கோவின் மூடியைக் கழற்றி வைத்து, ஆறுச்சாமி முன்னால் கைப்பிடியைப் போட்டு என்ஜினைச் சுழற்ற, நர்மதா குனிந்து பார்த்தாள். நடுத்தண்டு கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றியது. நிமிர்ந்து, "இடப்பக்கமாச் சுத்துதுங்க," என்றாள்.

பெரியப்பாவின் செருப்பு அசையாமல் நின்றது. இடப்பக்கம் என்றால் கோயிலைச் சுற்றுகிற பக்கம் இல்லை. பிணத்தைச் சுற்றுகிற பக்கம். இத்தனை கல்யாணத்தில், இத்தனை மாப்பிள்ளைமார் காலடியில், அது இந்தப் பக்கமாகவா சுற்றிக்கொண்டிருந்தது? செய்தி அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய், ஷெட்டு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெட்கம் தீர்ந்த ஊர்தான், ஆனாலும் பயம் தீர்ந்த ஊர் இல்லை. கோயில் பூசாரி கைப்பிடியைத் தானே சுழற்றிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மனுசனோட மானத்தத் திங்க ஆரம்பிச்சது ஏன்னு இப்பத் தெரியுதுங்களா?" என்றார். தெரிகிறது என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"வலப்பக்கம் சுத்தறதா இருக்குதா, அம்மிணி?"

"இருக்குதுங்க. ஆனா..."

"அப்பறம் என்ன ஆனா. வலஞ்சுழியாவே போடு. மங்கள காரியத்துக்குப் போற வண்டி."

தண்டு சுற்றுவது என்ஜின் சொல்கிற பக்கம். அதை மாற்ற யாராலும் முடியாது. வலப்பக்கத்துக்குச் செய்ததை இடப்பக்கம் சுற்றுகிற தண்டில் மாட்டினால், அது முன்னைப் பின் என்றும் பின்னை முன் என்றும் எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும், அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. சுற்றிலும் செருப்புகள், தூசியில், அவளைப் பார்த்து நின்றன. சொன்னால் வாதம் வளரும். பெரியப்பா காங்கயத்து ஜோசியரைக் கூப்பிடுவார். மார்கழி போகும், தை வரும், ஓசூர் போகும். அவள் போனைத் தொட்டு, வலப்பக்கம் என்று கொடுத்தாள்.

பெட்டி வந்தது. ஆறுச்சாமி முனகிக்கொண்டே மாட்டினார், நர்மதா போனில் கோடு வரைந்தாள், மேடேறுகிற பாதை மாதிரி ஒரு கோடு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். முன்சீட்டு காலியாக இருக்க, பெரியப்பா சாவியைத் திருப்பினார். தொட்டதும் பிடித்தது. ஊரே கைதட்டியது; அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள்.

கார் தெருவில் இறங்கியதும் அவள் போனைப் பார்த்தாள். ஏற வேண்டிய கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சைலன்சரில் படார் என்று ஒரு வெடி கேட்டது.

அந்த வெடி பால் சொசைட்டி முன்னால். கேனோடு நின்றிருந்தவர் குழாயை மூடினார், திறந்தார், மறுபடி மூடிவிட்டுக் கேனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அடுத்த வெடி அந்த முதல் மாப்பிள்ளையின் வீட்டு முன்னால். பாதி அரியர்க்காரன் மாமனாருக்குப் போன் போட்டு, அவர் எடுத்ததும் பேச வராமல் வைத்துவிட்டான். வாங்கியதையெல்லாம் கார் வீடுவீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு போனது. எரிந்தது வெறும் சாம்பலாகிவிடவில்லை போலிருக்கிறது. எங்கேயோ கிடந்து, ஊறி, கனத்து வந்தது. கடப்பாரை வாங்கிப்போனவன் அதே கடப்பாரையால் வேலியைப் பிடுங்கினான். கந்தசாமி கொட்டகைக்குப் போய் அம்மாவின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான், தூக்கவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல். "என்னடா, காத்தோட்டமாத்தான இருக்குது," என்று அந்த அம்மா அவனைத் தேற்றினாள். பெரியப்பா காரை நிறுத்திவிட்டு இறங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவரவருடையது அவரவரிடம் போகப் போக நர்மதாவின் கழுத்து நிமிர்ந்தது. வெகு நாளைக்குப் பிறகு முகங்களைப் பார்த்தாள். எல்லாம் சிவந்த, குனிந்த, பாவமான முகங்கள். அவளுக்கு அவை பிடித்திருந்தன. நல்லதுதான் நடந்திருக்கிறது என்று நினைத்தாள். சொல்லாமல் இருந்ததுகூட நல்லதுக்குத்தான் என்று, நாலு எட்டு நடப்பதற்குள் நினைத்தும் முடித்துவிட்டாள். அப்போது தையல் மிசின் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள். கனகமணி வீட்டு வாசல் கதவு சாத்தியிருந்தது. படியில் கனகாம்பரம் கிடந்தது.

கார் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. செய்தவர்களுடையது எது, செய்யாதவள் மேல் போட்டது எது என்று அதற்குத் தெரியாது. நர்மதாவுக்குத் தெரியும். பெட்டிக்கு ஆர்டர் கொடுத்த அன்றே யோசித்திருந்தால் இதையும் யோசித்திருக்கலாம். அவள் தன்னை மட்டும் யோசித்தாள். அப்போது அவளுக்குள் ஒன்று இறங்கியது, எந்தச் செருப்பையும் பார்க்காமல், எவனுடைய வேலியையும் பார்க்காமல். அதுவரை அவள் பட்ட எதையும் போல அது இல்லை. அது முழுக்க அவளுடையது.

பொடக்காளி வழியாகப் போய், சாத்திய கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: "அக்கா. அது வலப்பக்கம் சுத்தாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லாம வுட்டுட்டேன். ஊருக்குப் போற அவசரம்."

 "பழசு இருக்குதா?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஷெட்டுல இருக்குதுங்க்கா."

மறுநாள் பெரியப்பாவே டார்ச்சைப் பிடித்துக் காட்ட, ஆறுச்சாமி பழைய டெல்கோவை மாட்டினார். "புதுசுக்கு இன்னொரு ஆர்டரு போடு அம்மிணி," என்றார் பெரியப்பா, அவளைப் பார்க்காமல். "அது எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கத்துக்கே போடு. பூசாரிகிட்ட நான் சொல்லிக்கறன்." கனகமணி முக்காடு போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நர்மதா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்ப, என்ஜின் பிடித்தது; ஆனால் இரண்டு முறை சுழல்வதற்குள் தன் நெஞ்சில் ஏதோ லேசாவதை உணர்ந்து உடனே அணைத்துவிட்டாள். புதியது முதலில் எரியும். அவளுடையதுதான் புதியது. அவள் இறகு மாதிரி இறங்கி ஓசூருக்குப் போவாள். கனகமணி அப்படியே இருப்பாள்.

நர்மதா இறங்கிக்கொண்டாள். பெரியப்பாவைப் பார்த்தாள், அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவரிடமும் இப்போது நிறைய இருந்தது. ஊரில் எல்லாரிடமும் இருந்தது.

"அக்கா, நீங்களே ஓட்டோணும்."

"எனக்கு மிசினு மட்டுந்தான் மிதிக்கத் தெரியும், அம்மிணி."

"இதும் மிதிக்கறதுதானுங்க."

பள்ளிக்கூட மைதானத்தில் கனகமணி காருக்குள், நர்மதா காருக்கு வெளியே. கதவைத் தொடாமல், கண்ணாடியைத் தொடாமல், கூடவே நடந்தும் ஓடியும், "கிளட்சு மெதுவா... மெதுவாங்க்கா... அது என்ன நல்லபாம்பா, அப்படி மிதிக்கறீங்க," என்று சொல்லிக் கொடுத்தாள். தன்னுடையதிலிருந்து ஒரு பொறிகூடப் போய்விடாமல் பார்த்துக்கொண்டாள். கார் குதித்தது, நின்றது, கொடிக்கம்பத்தை இடித்தது. ஓசூரில் சேர வேண்டிய நாள் இதற்கிடையில் வந்து போனது. போனில் பேசியபோது, உங்கள் பேட்சுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது, இந்த வாரக் கடைசிக்குள் வந்தால் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். சரிங்க சார் என்றாள்.

பிறகு ஒரு காலையில் ஹெரால்டு மைதானத்து வாசலைத் தாண்டி, குதிக்காமல், தாராபுரம் ரோட்டில் ஏறியது. மேல்மூடி திறந்திருந்தது. உள்ளே ஒருத்தி மட்டும்.

வெயில் ஏறியதும் பெரியப்பா வந்தார். "வண்டி எங்க?"

"கனகமணியக்கா எடுத்துட்டுப் போயிருக்குது."

"எப்ப வரும்?"

"வராதுங்க. அவங்களுது தீந்ததும் அங்கயே நின்னுரும். நாமதான் போய்த் தள்ளீட்டு வரோணும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆறுச்சாமி வந்தார், பால் சொசைட்டிக்காரர் வந்தார், கந்தசாமி வந்தான், பூசாரி வந்தார், யாரும் கூப்பிடாமலே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. நர்மதா துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். கார் நின்ற இடத்திலிருந்து அப்படியே பஸ் ஏறிவிடுவதாக இருந்தாள். பை எல்லார் கண்ணிலும் பட்டது. நீ போயிட்டா வண்டி என்று எவரும் கேட்கவில்லை.

குளத்துமேட்டில் இருக்கும் என்று பார்த்தார்கள், இல்லை. மேட்டுக்கடையில் இருக்கும் என்றார் ஆறுச்சாமி, போன தடவை அங்கதான நின்னுச்சு, அங்கேயும் இல்லை. "பெட்ரோல் எவ்வளவு போட்ட?" என்று பெரியப்பா கேட்டார். டேங்க் நிறையத்தானுங்க, கேன்லயும் வெச்சு வுட்டேன் என்றாள். காற்றாலைகள் வந்தன, காற்றாலைகள் முடிந்தன. கூட்டத்தில் இருந்த சத்தம் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் கொஞ்சம் குறைந்தது. அந்த மாப்பிள்ளை எழுந்து போன நாளைக்கு என்ன சொன்னோம் என்று ஒவ்வொருவரும் தனக்குத்தானே திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். விளையாட்டாகச் சொன்னது, பந்தியில் சொன்னது, யாரோ சொன்னார்கள் என்று சொன்னது. இவ்வளவா என்று முதலில் கேட்டது பூசாரிதான்.  அமராவதிப் பாலம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமும் ரோடு நேராக, வெயிலில் பளபளத்துக்கொண்டு, காலியாகக் கிடந்தது.

பெரியப்பா எட்டி நடந்து நர்மதாவுக்குப் பக்கத்தில் வந்தார். "பையக் குடு, அம்மிணி," என்று வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவர்கள் நடந்தார்கள். கார் இன்னும் கண்ணில் படவில்லை.